பதினொன்றாம் வகுப்பில் இரண்டு மாதம்

சவூதியின் ஜுபைலில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளன்று முதலில் நம்மை வரவேற்பது ஏசியின் வாடைதான். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வகுப்பறையில் சுவிட்சைத் தட்டியதும் தூசியும் ஈரமும் கலந்து குப்பென்று முகத்தில் அடிக்கும். முதல் பீரியடில் பாதிப் பேர் தும்மிக்கொண்டிருப்பார்கள். வெளியே செப்டம்பர் மாதப் புழுக்கம். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணாடி பனி மூடிவிடும். அதைத் துடைத்துக்கொண்டே ஒருத்தி மேல் ஒருத்தி இடித்துக்கொண்டு வருவார்கள். பின்னால் பஸ் டிரைவர் "யல்லா, யல்லா" என்று கத்தி அவசரப்படுத்துவார்.

அது இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக நடக்கும் பள்ளி. எங்கள் கல்வியாண்டு ஏப்ரலில் ஆரம்பிக்கும். கோடை விடுமுறைக்குப் பிறகு இரண்டாம் பருவம். பெண்கள் பிரிவில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு நான் இயற்பியல் எடுத்தேன். என் கணவர் அங்கே ஒரு ரசாயன ஆலையில் இன்ஜினியர். அவருடைய குடும்ப விசாவில் வந்து, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வேலைக்குச் சேர்ந்தவள் நான். சேர்ந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. கண்டிப்பான டீச்சர் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்த செப்டம்பரில், முதல் நாள் முதல் பீரியடில், பதினொன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எல்லாம் தலைமுடியைக் குதிரைவால் போட்டிருக்க, இவள் மட்டும் இரட்டைச் சடையை மடித்துக் கட்டி, ரிப்பன் வைத்திருந்தாள். யூனிஃபார்ம் இன்னும் தைத்து வரவில்லை. நீல நிறச் சுடிதாரில் வந்திருந்தாள். பெயர்ப் பதிவேட்டின் கடைசியில் அவள் பெயரைப் பேனாவால் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். கூப்பிட்டேன். எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் மிஸ்" என்றாள்.

வகுப்பு சிரித்தது. பெரிய கேலி ஒன்றும் இல்லை. அப்படி ஒரு சொல்லை அவர்கள் கேட்டதே இல்லை, அவ்வளவுதான். வகுப்பில் மலையாளிகள், ஹைதராபாத்காரர்கள், வடக்கத்திக்காரர்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், தமக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்பவர்கள்.

மதியம் அலுவலகத்தில் அவளுடைய ஃபைலைப் பார்த்தேன். அரியலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. பத்தாம் வகுப்பில் அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, கணிதத்தில் நூறு. பயிற்று மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்றிருந்தது. அப்பா ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் டெக்னீஷியன்; பதினோரு வருடம் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தவருக்கு அந்த வருடம்தான் குடும்பத்தோடு தங்கும் அனுமதியான இக்காமா கிடைத்து, மனைவியையும் மகளையும் அழைத்து வந்திருந்தார்.

அந்த 'தமிழ்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஃபைலை மூடி வைத்துவிட்டேன்.

ஏன் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானும் தமிழ் மீடியம்தான். போடியில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வரை இயற்பியலைத் தமிழில் படித்தவள். மதுரையில் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், பாடம் நடக்கும்போது எனக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் சொல்கிறார்கள் என்பதே தெரியாமல் அழுதிருக்கிறேன். அதையெல்லாம் தாண்டி, ஆங்கிலத்தைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகி, வேலைக்கு வந்தேன். ஜுபைல் பள்ளியில் யாருக்கும் இது தெரியாது. என்னோடு வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் டெல்லியிலோ கொச்சியிலோ கான்வென்ட்டில் படித்தவர்கள். ஸ்டாஃப் ரூமில் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் நோட்டுத் திருத்த ஆரம்பித்துவிடுவேன்.

அந்த மாதம் சுழற்சி இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. இரண்டாம் வாரம் என்று நினைக்கிறேன். ஒரு பொருளைச் சுழல வைக்கும் 'டார்க்' என்றால் என்ன என்று விளக்கிவிட்டு, வகுப்பறைக் கதவைத் திறந்து மூடிக் காட்டினேன். கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் கதவு நகராது, கைப்பிடியில் தள்ளினால் விரலாலேயே நகரும். அந்தப் பெண் இரண்டு வாரத்தில் முதல் தடவையாகக் கையைத் தூக்கினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

"மிஸ், டார்க்னா திருப்பு விசையா?"

அது மிகச் சரி. அந்தச் சொல்லை நான் கேட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. எனக்கு இயற்பியல் எடுத்த டீச்சரின் குரலோடு அது காதில் விழுந்தது. 'ஆமாம்மா, அதேதான்' என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அதற்குள் முன் வரிசையில் ஒரு பெண், "மேம், திருப்பதியா?" என்று கேட்க, வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவுக்கு வெளியே, பெண்கள் பிரிவின் வகுப்புகளை மேற்பார்க்கும் சூப்பர்வைசர் மேடம் நடந்து போனார்.

"ஆங்கிலத்தில் கேள். வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சாதாரணமாகச் சொல்லவில்லை. சிரித்தவர்களை விட்டுவிட்டு அவளை அதட்டினேன்.

அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவள் கை தூக்கியதில்லை.

செப்டம்பர் கடைசியில் யூனிட் டெஸ்ட். முப்பத்தைந்து மதிப்பெண். விடைத்தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்து விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திருத்தினேன். அவளுடைய தாளில் முதல் பக்கம் ஆங்கிலம். வார்த்தை வார்த்தையாக, எங்கோ மனப்பாடம் செய்ததை நினைவுபடுத்தி எழுதியது போல இருந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஆங்கிலம் நின்றுபோய், ஒரு வரி விட்டு, தமிழ் ஆரம்பித்தது. நேரம் போய்விடும் என்று பயந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நாலு பக்கம் முத்து முத்தாகத் தமிழ். கோண உந்தம் ஏன் மாறாமல் இருக்கிறது என்பதை நான் வகுப்பில் சொன்னதைவிடத் தெளிவாக எழுதியிருந்தாள். ஒரு கணக்கைப் புத்தகத்தில் இல்லாத குறுக்கு வழியில் போட்டிருந்தாள், விடை சரி.

இரண்டு தடவை படித்தேன். காபி ஆறிவிட்டது. என் கணவர் அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்து, "என்ன, தமிழ்ல எழுதியிருக்கு? நல்லாத்தானே எழுதியிருக்கா" என்றார்.

"ரூல்ஸ் இருக்குல்ல" என்றேன்.

ரூல்ஸ் இருந்தது உண்மைதான். ஆனால் அது யூனிட் டெஸ்ட், போர்டு பரீட்சை இல்லை. தாளை அப்படியே வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டு, 'எல்லாம் சரி, வா, இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று பார்க்கலாம்' என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். தமிழ்ப் பக்கங்களுக்குக் குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுத்தேன். ஆங்கிலத்தில் எழுதியதற்கும் சூத்திரங்களுக்கும் மட்டும் மதிப்பெண் போட்டேன். ஏழு வந்தது. தமிழுக்கும் போட்டிருந்தால் முப்பதைத் தாண்டியிருக்கும்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் மேடம், குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களின் பட்டியலோடு என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை அவர். முடிந்த வரைக்கும் பிள்ளைகளைக் கைவிடக் கூடாது என்று நினைப்பவர். அந்தப் பெண்ணின் பெயரில் விரலை வைத்து, "இந்தப் பெண்ணை என்ன செய்யலாம்? உங்கள் மொழிக்காரிதானே. நீங்கள் கொஞ்சம் தனியாகப் பார்த்தால் தேறுவாளா?" என்று கேட்டார்.

கேட்டது அவர். வழியைத் திறந்து வைத்ததும் அவர். 'தேறுவாள். பாடம் எல்லாம் தெரியும், மொழிதான் தடை, ஒரு பருவம் எனக்குக் கொடுங்கள்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

"அவளால் சமாளிக்க முடியவில்லை மேடம்" என்றேன்.

அப்போது என் மனதில் ஓடியது என்ன என்று பல தடவை யோசித்திருக்கிறேன். தமிழ்ப் பெண் என்பதால் சலுகை காட்டுகிறாள் என்று பேசுவார்களோ என்ற பயம் கொஞ்சம். நாற்பத்திரண்டு பேருக்குப் பாடம் முடிக்க வேண்டுமே என்ற அலுப்பு கொஞ்சம். ஆனால் பெரிய காரணம் வேறு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து 'திருப்பு விசை' என்று வாய்விட்டுச் சொன்னால், நான் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த இரட்டைச் சடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் மேல் எரிச்சல்தான் வந்தது. பரிதாபம் வரவில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வருடங்கள் ஆயின.

அக்டோபரில் பெற்றோர் சந்திப்பு. அவளுடைய அப்பா டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார். ஆலையின் நீலக் கவரால் உடுப்பு, பாதுகாப்பு பூட்ஸ். கையை மட்டும் நன்றாகக் கழுவியிருந்தார். அந்த ஊர் வழக்கப்படி புது அபாயா அங்கி போட்டிருந்த அம்மா, அதன் நீளத்தில் தடுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். மகள் வரவில்லை.

"வணக்கம் டீச்சர். ஃபிசிக்ஸ் மிஸ் நம்ம தமிழாளுன்னு பாப்பா மொத நாளே வந்து சொன்னுச்சு. அன்னிக்குத்தான் எனக்கு உசிரே வந்துச்சு" என்று அவர் சிரித்தார்.

நான் மதிப்பெண் பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் பார்த்தார். மனைவியிடம் காட்டவில்லை.

"ஊர்ல இது ஃபர்ஸ்ட் மார்க்கு வாங்குற புள்ள டீச்சர்."

"தெரியும் சார். அதனாலதான் சொல்றேன். இங்க எல்லாமே இங்கிலீஷ். இவ்வளவு நல்லாப் படிக்கிற பொண்ணு இங்க இருந்தா வீணாப் போயிடுவா. ஊருக்கு அனுப்பிடுங்க. இப்பவே அனுப்பினா ஒரு வருஷம் போகாது."

"நீங்க கொஞ்சம் பாத்துக்கிட்டா ஒரு டேர்ம் ஓட்டிப் பாக்கலாங்களா? சாயங்காலம் எங்க வரச் சொன்னாலும் நானே கொண்டாந்து விடுறேன். அது சீக்கிரம் புடிச்சிக்கும்."

"எனக்கு நேரம் கிடையாது சார். நாப்பத்திரண்டு பேர் இருக்காங்க."

அவர் தலையை ஆட்டினார். அம்மா அப்போதுதான் முதல் முறையாகப் பேசினார். "அது மட்டும் எப்புடிங்க தனியாப் போவும்? போனா நானும்ல போவணும்" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். என்னிடம், "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டேன்.

நவம்பர் முதல் வாரத்தில் அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். நூலகம், ஆய்வகம் எல்லாவற்றிலும் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஆய்வகத்தில் நான் தனியாக இருந்தேன். ஆய்வகத்தில் வாங்கியிருந்த வெள்ளைக் கோட்டை மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் படிவத்தை நீட்டினாள்.

ஏன் அந்த நேரத்தில் வாய் திறந்தது என்று தெரியவில்லை. அவள் போய்விடப் போகிறாள், இனி ஆபத்தில்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

"நானும் தமிழ் மீடியம்தான்" என்றேன். "போடியில. கவர்ன்மென்ட் ஸ்கூல்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கணக்கில் ஒரு படி புரியாதவள் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அப்பறம் ஏன் மிஸ்?"

நான் பேனாவைத் தேடினேன். மேஜையில் என் கைக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. அவளே அதை எடுத்து என் பக்கம் நீட்டிச் சொன்னாள்: "சைன் போடுங்க மிஸ். அப்பா கேட்ல நிக்கிறாங்க."

போட்டேன்.

அதற்குப் பின் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பதிவேட்டின் கடைசியில் பேனாவால் சேர்த்த பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அப்படி மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் தமிழ் மீடியம். அவர்களை மதிய இடைவேளையில் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஸ்டாஃப் ரூமிலும் நான் படித்த பள்ளியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். யாருக்கும் அது ஒரு செய்தியாகவே படவில்லை. "ஓ, அப்படியா" என்று டிபன் டப்பாவைத் திறந்தார்கள். இந்த அலட்சியத்துக்கா அவ்வளவு பயந்தேன் என்று அன்று முழுவதும் மனசு ஆறவில்லை.

நாலு வருடம் கழித்து, ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை, அல் கோபார் கடற்கரைக்குப் போயிருந்தோம். நல்ல குளிர். என் கணவர் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்க, நான் இறங்கிக் கடலோரமாக நடந்தேன். எதிரே நாலைந்து பேர் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக வந்தார்கள். அவர்களிலிருந்து ஒருவர் விலகி ஓடி வந்தார்.

"டீச்சர்! நல்லாருக்கீங்களா? என்னைய ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? கழற்றிய குல்லாவுக்குக் கீழே தலை நரைத்திருந்தது. கேம்ப் பஸ்ஸில் வந்திருப்பதாகச் சொன்னார். கம்பெனி மாறிவிட்டதாம். பழையபடி குடும்பத்தை அழைத்து வர முடியாத பேச்சுலர் ஸ்டேட்டஸ், ஒரு ரூமில் ஆறு பேர்.

"பாப்பா திருச்சியில இன்ஜினியரிங் மூணாவது வருசம் டீச்சர். பிளஸ் டூல ஸ்கூல் ஃபர்ஸ்ட். நீங்கதான் அன்னிக்குச் சரியான நேரத்துல சொன்னீங்க. இல்லன்னா நான் வீம்புக்கு இங்கயே வெச்சிருந்து அது படிப்பக் கெடுத்திருப்பேன். எங்க வீட்டுல உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சந்தோஷம் என்றோ என்னவோ சொல்லியிருப்பேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"அந்த ரெண்டு மாசந்தான் டீச்சர் நாங்க மூணு பேரும் சேந்தாப்புல இருந்தது. அதுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது நான் விமானம் ஏறுனவன். லீவுக்குப் போனா ஒரு மாசம், அதுலயும் பாதி நாளு சொந்தக்காரங்க வீடு. இங்க வந்தப்பதான் அதுக்குக் கத்திரிக்கா புடிக்காதுன்னே எனக்குத் தெரியும். நைட் டியூட்டி முடிஞ்சு காலைல வருவேன். ஸ்கூல் யூனிஃபார்மோட நின்னு டீ போட்டுக் கொடுத்துட்டு பஸ்ஸுக்கு ஓடும்." கையிலிருந்த குல்லாவை மடித்தார். "சரி, இருந்திருந்தா இன்னும் ரெண்டு வருசம் இருந்திருக்கும். படிப்புதானே முக்கியம்."

பிறகு போனை எடுத்தார். "இருங்க டீச்சர், அதுகிட்டப் பேசுங்க. உங்களப் பாத்தா அவ்வளவு சந்தோசப்படும்."

மகள் அவரிடம் எதையும் சொல்லவில்லை என்பது அப்போது எனக்குப் புரிந்தது. ஆய்வகத்தில் நான் சொன்னதையும் சொல்லவில்லை, வகுப்பில் நடந்ததையும் சொல்லவில்லை. நாலு வருடமாக அப்பா என்னைப் புகழ்வதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள்.

அந்தப் போனில் அவள் முகம் வருவதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. "கொஞ்சம் இருங்க" என்று அவர் கையைத் தடுத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு சார். அவளுக்குப் பாடம் எல்லாமே தெரிஞ்சிருந்துச்சு. தமிழ்ல எழுதினதுக்காக நான்தான் மார்க் போடல. சொல்லிக் கொடுத்திருந்தா ஆறே மாசத்துல தேறியிருப்பா. எனக்கு நேரமும் இருந்துச்சு. நான் செய்யல."

அவர் போனைப் பிடித்தபடியே நின்றார். கடலிலிருந்து காற்று வேகமாக அடித்தது. நான் சொன்னது காதில் விழுந்ததா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"அப்படியா" என்றார்.

அவ்வளவுதான். அந்த முகத்தில் கோபம் வந்திருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். வரவில்லை. மனதுக்குள் எதையோ திரும்பப் போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு போனை ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் வைத்தார். சற்று தூரத்தில் அவருடைய ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. வரேன் டீச்சர்" என்றார். கும்பிடவும் மறக்கவில்லை.

நாலு வருடமாக அவர் ஒரு சமாதானத்தோடு வாழ்ந்திருக்கிறார். மகளின் நன்மைக்காகத்தான் பிரிந்திருக்கிறோம், வேறு வழி இல்லை என்பது அந்தச் சமாதானம். என் பாரத்தை இறக்கி வைக்கும் அவசரத்தில் அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். ஆறு பேர் இருக்கும் ரூமுக்கு அன்று அவர் அந்தப் பாரத்தைத்தான் சுமந்து போயிருப்பார்.

காரை நிறுத்திவிட்டு வந்த என் கணவர், "யாரு, தெரிஞ்சவரா?" என்று கேட்டார்.

"ஒரு ஸ்டூடண்டோட அப்பா" என்றேன்.